இறால் ஓராண்டுப் பயிராம்! அறுவடை யாருக்கு?

"இறால் ஒரு வருஷப் பிராணி. நாங்கள் பிடிக்காவிட்டாலும் கடலிலேயே செத்து மண்ணாகத்தான் போகும். எவ்வளவு வாரினாலும் அடுத்த வருஷம் மறுபடி முளைத்துவிடும். இதற்குப் போய் தடை என்ன, சட்டம் என்ன?"

அரை நூற்றாண்டாகக் கடற்கரையில் கேட்கும் பல்லவி இது. விசைப்படகு முதலாளிகள் பாடுகிறார்கள். ஏற்றுமதிக் கம்பெனிக்காரர்கள் பின்பாட்டுப் பாடுகிறார்கள். சமயத்தில் விஞ்ஞானத்தின் பேரைச் சொல்லி மிருதங்கம் தட்டவும் ஆள் கிடைத்துவிடுகிறது. இந்தப் பாட்டின் சுருதியை இன்று சற்றுப் பரிசோதித்துப் பார்ப்போம்.

மதுரை மில் தொழிலாளிக்கும் கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளிக்கும் இறாலோடு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கிலோவுக்கு நூற்றுக்கணக்கில் விலை சொல்லும் இறால் நம் வீட்டுச் சட்டியில் விழுவது அபூர்வம். நமக்குக் கிடைப்பது காரல் கருவாடு. கூழுக்கும் கஞ்சிக்கும் அதுதான் துணை. அந்தக் காரலுக்கு என்ன நேர்ந்தது என்ற கதை இறாலின் கதைக்குள்ளேதான் ஒளிந்திருக்கிறது. அதில் கூலிக்காரனின் கதையும் இருக்கிறது.

முதலில், பல்லவியில் இருக்கும் உண்மையை ஒளிக்காமல் ஒப்புக்கொள்வோம். எதிரி சொல்வதெல்லாம் பொய் என்று கூச்சலிடுவது நமக்கு அழகல்ல. அவன் சொல்லும் பாதி மெய்தான் முழுப் பொய்யைவிட ஆபத்தானது.

இறாலின் ஆயுள் சின்னது. ஒரு வருஷம், ஒன்றரை வருஷம், மிஞ்சினால் இரண்டு. தாய் இறால் கடலிலே லட்சக்கணக்கில் முட்டையிடுகிறது. ஒரு நாளைக்குள் முட்டை பொரிகிறது. கண்ணுக்குப் புலப்படாத குஞ்சு பலமுறை தோலுரித்து, உருமாறி, இரண்டு மூன்று வாரம் நீரோட்டத்தில் மிதந்து கரைப்பக்கம் ஒதுங்குகிறது. வெள்ளை இறாலின் குஞ்சு முகத்துவாரம் வழியாக உப்பங்கழிக்குள் நுழைகிறது. இராமேசுவரம், தொண்டி, மல்லிப்பட்டினம் பக்கத்துப் பாக் விரிகுடாவில் பச்சை வரி போட்ட இறால் ஒன்று அதிகம். அதன் குஞ்சு கரையோரக் கடற்புல் வெளியில் அடைக்கலம் புகுகிறது. அங்கே தின்று வளர்ந்து, விரல் நீளம் ஆனதும் ஆழத்துக்குத் திரும்புகிறது. பிறந்து ஆறேழு மாதத்தில் அதுவே தாயாகிறது.

இத்தனை லட்சம் முட்டையில் எத்தனை பிழைக்க வேண்டும்? கணக்கு எளிது. ஒரு தாய் தன் வாழ்நாளில் இட்ட முட்டைகளில் இரண்டே இரண்டு, ஓர் ஆணும் ஒரு பெண்ணும், வளர்ந்து அடுத்த முட்டை வரைக்கும் தப்பிவிட்டால் கூட்டம் குறையாது. நான்கு தப்பினால் இரட்டிப்பாகும். ஒன்றுதான் தப்புமென்றால் தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகும். மற்றதெல்லாம் மீனுக்கும் நண்டுக்கும் இரை. ஆகவே மனிதன் கூடுதலாகவே பிடித்துவிட்டாலும், மழையும் நீரோட்டமும் ஒத்துவந்து ஒரு நல்ல பருவம் அமைந்தால் இறால் ஈடு செய்துவிடும். இது உண்மை. சந்தேகமில்லை.

இந்த உண்மையை வைத்துக்கொண்டு முதலாளி எங்கே குதிக்கிறான் என்பதுதான் விஷயம்.

விவசாயத் தொழிலாளித் தோழர்களைக் கேட்கிறோம். நெல்லும் ஒரு பருவப் பயிர்தானே? அடுத்த போகத்துக்கு மறுபடி முளைப்பதுதானே? அதற்காகக் கதிர் பால் பிடிக்கும் வேளையில் எவனாவது அரிவாளை வைப்பானா? வைத்தால் களத்தில் என்ன தேறும்? பதர்தான் தேறும்.

இறால் விற்பது எண்ணிக்கைக் கணக்கில். கிலோவுக்கு எத்தனை நிற்கிறது என்று பார்த்துத்தான் விலை. குறைவான எண்ணிக்கை நின்றால் பெரிய இறால், பெரிய விலை. கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: கிலோவுக்கு 100 நிற்கும் பொடி இறாலை இன்று வாரினால் 100 இறால் ஒரு கிலோ. அதையே விட்டுவைத்தால் சில வாரங்களில் கிலோவுக்கு 40 என்ற அளவுக்குப் பருக்கும். இடையில் பாதி செத்தே போகட்டும். மிஞ்சிய 50 இறாலின் எடை ஒன்றேகால் கிலோ! எடையும் கூடுகிறது, கிலோவின் விலையும் கூடுகிறது. ஆழத்துக்குப் போய் முட்டையிடவும் சில தப்புகின்றன. "பிடிக்காவிட்டால் வீணாகச் சாகும்" என்ற வாதம் இந்த இடத்தில் மூக்குடைபடுகிறது. எப்போது பிடிப்பது என்பதுதான் கேள்வி.

இது படகு முதலாளிக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் கடன் வாங்கிக் கட்டிய படகு, வட்டி ஓடுகிறது. இன்று நான் விட்ட பொடியை நாளை பக்கத்துப் படகு வாரிக்கொண்டு போகும். ஆகவே மடியின் கண்ணைச் சிறிதாக்கு, எஞ்சினின் குதிரைசக்தியைக் கூட்டு! மடியின் கண் இத்தனைக்குக் குறையக் கூடாதென்று சட்டம் இருக்கிறது. சட்டம் சர்க்கார் அலமாரியில் இருக்கிறது, மடி கடலில் இருக்கிறது.

நாற்றங்காலில் டிராக்டர்

அடுத்த சங்கதிக்கு வருவோம். கடற்புல் வெளியும் உப்பங்கழியும் இறாலுக்கு நாற்றங்கால். நாற்றங்கால் அழிந்தால் விதை நெல் மலைபோல் குவிந்திருந்தும் பிரயோஜனமில்லை. முட்டை எத்தனை லட்சமானாலும், குஞ்சு ஒண்ட இடமில்லாவிட்டால் அந்த "இரண்டே இரண்டு" கணக்கு உடைந்துபோகும்.

இழுவைமடியைப் பார்த்தறியாத தோழர்களுக்காகச் சொல்கிறோம். அது வாயகன்ற ஒரு பை. வாயை இருபுறமும் விரித்துப் பிடிக்கக் கனத்த பலகைகள் இரண்டு. அடிக்கயிற்றில் ஈயக்குண்டும் இரும்புச் சங்கிலியும். இறால் பகலில் சேற்றில் புதைந்து கிடக்கும் ஜந்து. ஆகவே தரையைக் கிளறினால்தான் மடியில் ஏறும். விசைப்படகு இதைக் கடலின் அடித்தரையில் மணிக்கணக்கில் இழுக்கிறது. பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். பெரும்பாலும் ஏழெட்டுப் பாகத்துக்கு மேல் போகாது. இந்தியாவின் மிகப்பெரிய கடற்புல் வெளிகள் இங்கேதான் இருக்கின்றன. ஆவுளியா என்று நம் கரையார் சொல்லும் கடற்பசு மேய்கிற இடமும் இதுவே. அதற்கென்று 2022-ல் தஞ்சை, புதுக்கோட்டைக் கரைக்கு அப்பால் 448 சதுர கிலோமீட்டர் கடலைப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். நாற்றங்காலில் டிராக்டர் ஓட்டுகிறவனை ஊர் சும்மா விடுமா? கடலில் அதை அபிவிருத்தி என்கிறார்கள்!

இதுவரை சொன்னது இறாலுக்கு நேர்ந்தது. இனிச் சொல்லப் போவது அதைவிடப் பெரிது.

மடி ஆள் பார்த்து வாராது. இறாலுக்காக விரித்த மடியில் காரல் வரும், கிளிஞ்சல் வரும், நண்டுக் குஞ்சு வரும், திருக்கை வரும், சுறாக் குட்டி வரும். ஒரு கிலோ இறாலோடு இப்படிப் பல கிலோ ஏறுகிறது. இவற்றில் விலை போகாததற்கு இராமேசுவரம் பக்கத்தில் பெயரே வைத்துவிட்டார்கள்: சங்காயம். கோழித் தீவனத்துக்கும் மீன்தூள் ஆலைக்கும் போகிறது. நம் சட்டிக்கு வரவேண்டிய காரல், பண்ணைக் கோழியின் தீவனமாகிறது.

இறால் ஒரு வருஷத்தில் மீளும். திருக்கை மீளுமா? சுறா மீளுமா? பல வருஷம் வளர்ந்த பிறகுதான் சுறா குட்டி போடும். அதுவும் கை விரல் விட்டு எண்ணுகிற அளவில். லட்சத்தில் இரண்டு பிழைத்தால் போதும் என்ற வசதி அதற்குக் கிடையாது. ரம்பம் போன்ற மூக்குள்ள வேளா மீன் ஒரு காலத்தில் நம் கரையில் சகஜம். இன்று அதைக் காண்பதே அரிது. அந்த ரம்பமே வலையில் அதற்கு எமனாயிற்று.

இப்போது ஒரு கணம் யோசியுங்கள். சுறாவையும் வேளாவையும் மட்டும் நம்பி விசைப்படகு ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மீன் குறைந்ததும் டீசல் காசுகூடத் தேறாமல் படகு கரையேறியிருக்கும். கடல் மூச்சு விட்டிருக்கும். ஆனால் இறால் வருஷா வருஷம் திரும்பி வருகிறது. டீசலுக்குக் காசு கொடுக்கிறது. அந்தக் காசில் மடி ஓய்வின்றி ஓடி, மீள முடியாத மற்ற இனங்களையெல்லாம் சேர்த்தே துடைக்கிறது. "இறால் அழியாது, ஆகவே ஆபத்தில்லை" என்கிறான் முதலாளி. நாம் சொல்கிறோம்: இறால் லேசில் அழியாது என்பதில்தான் ஆபத்தே இருக்கிறது!

நீண்டகரையில் நடந்தது

இது நமது கற்பனையா? மேற்கே போய்ப் பார்ப்போம்.

கேரளத்தில் கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரை; அதை ஒட்டினாற்போல் சக்திகுளங்கரை. 1952 அக்டோபரில் இந்திய சர்க்காரும், நார்வே சர்க்காரும், ஐக்கிய நாடுகள் சபையும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1953-ல் அங்கே வேலை தொடங்கியது. மீனவரின் வருமானத்தை உயர்த்துவது, ஜனங்களுக்கு நல்ல மீனை ஒழுங்காக விநியோகிப்பது, மீனவக் கிராமங்களின் சுகாதாரத்தைச் சீர்படுத்துவது, இவையே லட்சியங்கள் என்றார்கள். ஆஸ்பத்திரி கட்டினார்கள், குடிநீர்க் குழாய் போட்டார்கள். நல்லதை நல்லது என்றே சொல்வோம்.

அதுவரை அந்தக் கரையில் இறாலுக்கு அப்படியொன்றும் மவுசு இல்லை. காயவைத்து பர்மாவுக்கு அனுப்பினார்கள்; தென்னைக்கு உரமாகவும் போட்டார்கள். அதே 1953-ல் கொச்சியிலிருந்து உறையவைத்த இறால் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அவ்வளவுதான்! தென்னைக்குப் போட்ட சரக்கு டாலராக மாறியது. ஜனங்களுக்கு மீன் என்று பூஜை போட்ட திட்டம், அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் இறால் என்று போய் முடிந்தது. 1960-களில் இழுவைமடி பரவியது. துடுப்புப் பிடித்தறியாத வியாபாரிகளும் பணக்காரர்களும் படகு வாங்கி விட்டார்கள். கரையில் இறால் உரிக்கும் கொட்டகைகள் முளைத்தன. ஐஸ் தண்ணீரில் விரல் மரத்துப்போகப் பெண்கள் பேசின் கணக்கில் கூலி வாங்கினார்கள்.

1973-ல் கேரளக் கரையில் இறங்கிய இறால் ஏறத்தாழ 85,000 டன். 1981-ல் அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. இறாலோடு போயிற்றா? 1973-ல் சுமார் 4,48,000 டன்னாக இருந்த மொத்தக் கடல்மீன் வரத்து 1980-ல் 2,79,000 டன்னாகச் சரிந்தது. இறால் வரத்து இயற்கையாகவே ஏறி இறங்கும் என்பது வாஸ்தவம். ஒரு வருஷத்து வீழ்ச்சியைக் காட்டி நாம் ஒப்பாரி வைக்கவில்லை. ஆனால் படகுகள் பெருகப் பெருக ஒவ்வொரு படகும் கொண்டுவருவது குறைந்துகொண்டே போனால், அதற்கு மழையையும் காற்றையும் எத்தனை நாள் குற்றம் சொல்வது?

குற்றம் சொல்ல விடவில்லை கேரளத்து வள்ளக்காரர்கள். மழைக்காலம் பல மீன்கள் முட்டையிடும் காலம், அந்தக் காலத்தில் இழுவைமடியை நிறுத்து என்று கிளம்பினார்கள். உண்ணாவிரதம், மறியல், சிறை. 1980-ல் சட்டம் வந்தது. பாபு பால் கமிட்டி, கலவார் கமிட்டி, பாலகிருஷ்ணன் நாயர் கமிட்டி என்று அந்தப் பத்தாண்டில் மூன்று கமிட்டிகள் உட்கார்ந்து எழுந்தன. படகு முதலாளிகளோ, ஜூலையிலும் ஆகஸ்டிலும் நீண்டகரைக் கடலில் கரிக்காடி இறால் குவியும், அதை விட்டால் கோடிக்கணக்கில் நஷ்டம் என்று கூப்பாடு போட்டார்கள். ஓராண்டுப் பயிர்ப் பல்லவி உச்ச ஸ்தாயிக்கு ஏறியது அப்போதுதான்.

1988-ல் மழைக்காலத் தடை வந்தது. வானம் இடிந்து விழுந்ததா? 1989-ல் கேரளத்தின் மொத்த மீன்வரத்து ஆறு லட்சம் டன்னைத் தாண்டியது. இதற்குத் தடை ஒன்றுதான் காரணம் என்று நாம் மார்தட்டமாட்டோம். புதுவகை வலைகளும் எஞ்சின் பூட்டிய வள்ளங்களும் அந்த வருஷங்களில்தான் பெருகின. ஆனால் தடையால் நாடே பட்டினி கிடக்கும் என்று ஜோசியம் சொன்னவர்களின் வாய் அடைத்தது. தடை முடிந்து மடி இறங்கியபோது கரிக்காடியும் இருக்கத்தான் செய்தது. முதலாளிகள் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார்கள். 1994-ல் கோர்ட்டு தடை செல்லும் என்றது. 2018 முதல் அங்கே தடைக்காலம் 52 நாள்.

இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் யார்?

நம் கரைக்குத் திரும்புவோம். தமிழ்நாட்டுச் சட்டம் 1983-ல் வந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் இழுவைமடிக்கு இடமில்லை. அது நாட்டுப்படகுக்கும் வத்தைக்கும் உரியது. பாக் விரிகுடாவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று முறையும் வைத்தார்கள். 2001 முதல் கோடைத் தடை. முன்பு 45 நாள், 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 முடிய 61 நாள். ஏட்டில் எல்லாம் லட்சணமாக இருக்கிறது. ஆனால் எத்தனை படகு, எத்தனை குதிரைசக்தி என்ற அடிப்படைக் கேள்வியில் கைவைக்க எந்த சர்க்காருக்கும் துணிவு வரவில்லை. நாளைக் குறைத்தார்கள், எஞ்சின் பெருத்தது.

மூன்று மைலை விட்டால் எல்லைக்கோடு வரை மிஞ்சுவது இராமேசுவரம் பக்கத்தில் ஒரு கீற்றுக் கடல். அதிலே இறாலையும் தரையையும் துடைத்தாகிவிட்டது. பிறகு? 1983-க்குப் பின் யுத்தம் மூண்டபோது, வட இலங்கைத் தமிழ் மீனவருக்குக் கடலே மூடப்பட்டது. அவர்கள் அகதி முகாமில் கிடந்தார்கள், வலை காய்ந்தது, அந்தக் கடலில் இறால் பெருத்தது. நம் விசைப்படகுகள் அங்கே போய்ப் பழகின. 2009-ல் யுத்தம் முடிந்து யாழ்ப்பாணத்தானும் மன்னாரானும் கடன் வாங்கி வலை வாங்கிக் கடலில் இறங்கினான். இரவில் அவன் விரித்த வலையை நம் பக்கத்து இழுவைமடி கிழித்துக்கொண்டு போகிறது. இலங்கை 2017-ல் இழுவைமடியையே சட்டம் போட்டுத் தடை செய்தது.

இங்கே நம் தலைவர்கள் பலர் என்ன பேசுகிறார்கள்? தமிழன் உரிமை என்கிறார்கள். கச்சத்தீவை மீட்போம் என்கிறார்கள். தமிழனின் வலையைத் தமிழனின் மடி கிழிக்கிறதே, அது எந்த உரிமை ஐயா? மீனவனைச் சுட்டுக்கொன்ற, அடித்து உதைத்த கடற்படையின் கொடுமையை நாம் ஒருநாளும் நியாயப்படுத்தமாட்டோம். அதற்கு மன்னிப்பே கிடையாது. 1974-ல் இங்குள்ள மீனவனைக் கேட்டா கோடு போட்டார்கள் என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனால் நாளையே கச்சத்தீவு கைக்கு வந்தாலும் இறாலின் ஆயுள் கூடாது, கடற்புல் இரும்புச் சங்கிலியைத் தாங்காது. கோட்டை நகர்த்தினால் துடைத்த தரை தானாக விளையுமா?

இருகரை மீனவர்களும் இதை அறிந்தவர்கள்தான். 2010 ஆகஸ்டில் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியபோது, ஓராண்டில் இழுவைமடியைக் கைவிடுவதென்று நம் பக்கத்துப் பிரதிநிதிகளே ஒப்பினார்கள். ஓராண்டு போயிற்று; ஆண்டுகள் பல போயின. கைவிட்டவனுக்கு மாற்று வழி என்ன என்று கேட்டபோது பதில் சொல்ல ஆளில்லை.

ஒரு விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். விசைப்படகு வைத்திருப்பவனெல்லாம் ஆலை முதலாளி மாதிரி என்று எண்ணிவிடக் கூடாது. ஒற்றைப் படகை வைத்துக்கொண்டு, வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, அவன் சொன்ன விலைக்கே இறாலைக் கொட்டுகிறவனும் இருக்கிறான். எல்லைக்கு அப்பால் பிடிபட்டால் அவன் படகு போச்சு. ஏற்றுமதிக்காரன் படகு ஏறுவதில்லை, எல்லை தாண்டுவதில்லை, சிறைக்குப் போவதில்லை. விலையை மட்டும் அவன் நிர்ணயிக்கிறான்.

மாடும் மேய்ச்சல் நிலமும்

இறால் பல்லவிக்கு எதிர்ப்பாட்டு ஒன்றும் நகரத்துக் கனவான்களிடம் உண்டு. "கடல் பொதுச்சொத்து; பொதுச்சொத்தை யாரும் காப்பதில்லை; மீனவர்கள் பெருகிவிட்டார்கள், பேராசைப்பட்டார்கள், அழித்தார்கள்." 1968-ல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதற்கு ஒரு கட்டுரையே எழுதினார். பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவனும் ஒரு மாடு கூடுதலாக விடுவான், எல்லோருமாகச் சேர்ந்து நாசமாவார்கள் என்பது அவர் வாதம். அவருக்கு முன்னே 1954-ல் ஸ்காட் கார்டன் என்ற கனடாக்காரர், தடையில்லாத கடலில் லாபம் முழுவதும் கரையும் வரை படகுகள் கூடிக்கொண்டே போகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கார்டனின் கணக்கில் நியாயம் உண்டு. நீண்டகரையில் நடந்தது ஏறக்குறைய அதுதான்.

ஆனால் யார் விட்ட மாடு அது? கட்டுமரக்காரன் விட்டதா? நம் கரையில் ஊர்ப் பஞ்சாயத்து என்று ஒன்று இருந்தது, பல ஊர்களில் இன்றும் இருக்கிறது. இந்த வலை குஞ்சைக் கொல்கிறது, இந்த வலை மற்றவன் பிழைப்பைக் கெடுக்கிறது என்று கண்டால் தடை போடும், மீறினால் அபராதம் விதிக்கும். பொதுச்சொத்தைக் காக்க ஏழைக்குத் தெரிந்திருந்தது. மானியமும் கடனும் கொடுத்து இழுவைமடியைக் கடலில் இறக்கியது சர்க்கார். விலை கொடுத்து ஊக்கியது வெளிநாட்டுச் சந்தை. மேய்ச்சல் நிலத்தில் யானையை அவிழ்த்துவிட்டு, ஆட்டுக்காரன் பேராசைக்காரன் என்று கட்டுரை எழுதுகிறார்கள்!

பண்ணை இறால் வந்துவிட்டது, இனி கடல் பிழைக்கும் என்றும் சிலர் சொல்கிறார்கள். கீழத்தஞ்சைத் தோழர்களுக்கு அந்தக் கதை தெரியும். 1990-களில் நெல் விளைந்த நிலத்தில் உப்புத் தண்ணீரைத் தேக்கினார்கள். நூறு பேர் நடவு நட்ட இடத்தில் இரண்டு காவல்காரர்கள் நின்றார்கள். 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு கடலோரப் பண்ணைகளை அகற்றச் சொன்னது. 2005-ல் புதுச் சட்டம் கொண்டுவந்து பண்ணைகளுக்கு வழி திறந்தார்கள். அந்த இறாலுக்குப் போடும் தீனியிலும் மீன்தூள் இருக்கிறது. சங்காயத்துக்கு அதனால் கிராக்கி கூடியதே தவிரக் குறையவில்லை.

80 லட்சமும் 131 ரூபாயும்

சரி, சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லையா? செய்தது. 2017-ல் ஒரு திட்டம் போட்டார்கள். பாக் விரிகுடாவின் இழுவைப்படகுகளில் 2,000-ஐ மூன்று வருஷத்தில் ஒழித்து, ஆழ்கடலில் சூரை பிடிக்கும் படகுகளாக மாற்றுவது. படகு ஒன்றுக்கு 80 லட்ச ரூபாய். அதில் பாதி மத்திய சர்க்கார், ஐந்தில் ஒரு பங்கு மாநில சர்க்கார், மீதி கடனும் கைப்பணமும். முதல் நாலைந்து வருஷத்தில் மாறிய படகுகள் நூறைக்கூடத் தொடவில்லை. கைப்பணமாக 8 லட்சம் போட்டு, 16 லட்சம் கடனைத் தலையில் தூக்கிக்கொண்டு, பழக்கமில்லாத ஆழ்கடலுக்கு எத்தனை பேர் போவார்கள்? பாக் விரிகுடாக்காரன் காலையில் போய் மறுநாள் கரை திரும்பிப் பழகியவன். சூரைப் படகு வாரக்கணக்கில் கடலில் கிடக்க வேண்டியது.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. இந்தத் திட்டம் படகுக்குப் பணம் கொடுக்கிறது. படகின் சொந்தக்காரனுக்குக் கொடுக்கிறது. அந்தப் படகில் கூலிக்குப் போகிற நாலைந்து பேர் இருக்கிறார்களே, அவர்களுக்கு என்ன? டீசல், ஐஸ் செலவெல்லாம் கழித்து மிஞ்சினால்தான் அவர்களுக்குப் பங்கு. எல்லை தாண்டியதற்குச் சிறையில் அவர்களும்தான் கிடந்தார்கள். இழுவைமடி ஒழிந்தால் முதலில் வேலை இழப்பவர்கள் அவர்கள். இழுவைமடி ஒழிய வேண்டும் என்று சொல்லும் நாம், அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போகச் சொல்லவில்லை. கட்டணமில்லாமல் வேறு தொழில் பழக்குவது, நாட்டுப்படகும் வலையும் கூட்டுறவில் கொடுப்பது, மாறும் ஒவ்வொரு படகிலும் அதன் கூலிக்காரருக்கு ஒரு பங்கைச் சட்டப்படி ஒதுக்குவது, இதெல்லாம் சேர்ந்தால்தான் அது மாற்றுத் திட்டம். அதுவரை அது படகு வியாபாரம்.

தடைக்கால நிவாரணத்தையும் பாருங்கள். குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்ததை 2024-ல் 8,000 ஆக்கினார்கள். வரவேற்கிறோம். 61 நாளைக்கு 8,000 ரூபாய். நாளொன்றுக்கு 131 ரூபாய். நாலு பேர் உள்ள வீட்டில் தலைக்கு 33 ரூபாய்கூட இல்லை.

மில் தொழிலாளித் தோழர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறோம். பஞ்சு இல்லை, மின்சாரம் இல்லை என்று மில்லை நிறுத்தி ஆட்களை வெளியே அனுப்பினால் பாதிச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று 1953-ல் சட்டத் திருத்தம் வந்தது. யாரும் தூக்கிக் கொடுத்ததல்ல. வேலைநிறுத்தங்கள் வாங்கித் தந்தது. தடைக்காலம் என்பது கடலின் லே-ஆஃப். இறால் பருக்கவும், மீன் முட்டையிடவும், நாட்டுக்கு அடுத்த வருஷம் மீன் கிடைக்கவும் அந்தக் கூலிக்காரன் 61 நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறான். அவனுக்கு மட்டும் ஏன் பாதிக் கூலிக் கணக்கு கிடையாது? அவன் பெயர் எந்த மஸ்டர் ரோலிலும் இல்லாததாலா?

ஏப்ரல் 15-ல் மறுபடி மடி கரையேறும். அதற்கு முன்னால் மீன்துறை மந்திரி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லட்டும்.